கூட்டாளிகளும் 226 கிலோமீட்டரும்

அயர்ன்மேன் என்று இன்று உலகம் அறிந்திருக்கும் நெடுந்தூர டிரையத்லான் ஒரு விவாதத்தில் பிறந்தது. 1977இல் ஹவாயின் ஓவாஹு தீவில், ஒரு தொடர் ஓட்டப் போட்டியின் பரிசளிப்பு விழா. உடல்திறனில் யார் மேல், நீச்சல்காரரா ஓட்டக்காரரா என்று பேச்சு எழுந்தது. பெல்ஜியத்தின் சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸின் ஆக்சிஜன் உறிஞ்சும் திறன்தான் எல்லோரையும்விட அதிகம் என்று பத்திரிகையில் படித்ததை அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ் சொன்னார். தீவில் ஏற்கெனவே நடந்துவந்த கடல் நீச்சல், தீவைச் சுற்றும் சைக்கிள் பந்தயம், ஹொனலூலு மாரத்தான் மூன்றையும் ஒரே நாளில் முடிப்பவரே தீர்ப்புச் சொல்லட்டும் என்பது அவருடைய யோசனை. 1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் தண்ணீரில் இறங்கினார்கள், 12 பேர் முடித்தார்கள். கார்டன் ஹாலர் 11 மணி 46 நிமிடம் 58 வினாடியில் முதலில் வந்தார். வழியில் உணவும் தண்ணீரும் கொடுக்க ஒவ்வொருவரும் தம்முடைய ஆட்களைத் தாமே கூட்டிவர வேண்டும் என்பது அன்றைய ஏற்பாடு. இரண்டாவதாக வந்த ஜான் டன்பாரின் ஆட்களிடம் தண்ணீர் தீர்ந்துவிட்டதால் மாரத்தானின்போது அவருக்குப் பீர் கொடுத்து ஓடவைத்தார்கள்.

நண்பர்களின் பேச்சில் தொடங்கி நண்பர்களின் கையால் ஊட்டப்பட்ட அந்தப் போட்டி, விதிகளைப் பொறுத்தவரை முழுக்க முழுக்கத் தனிமனிதப் போட்டி. நீச்சல் 3.86 கிலோமீட்டர், சைக்கிள் 180, ஓட்டம் 42.2. பெரும்பாலான பந்தயங்களில் இதற்குக் கொடுக்கப்படும் நேரம் 17 மணி. போட்டியில் இல்லாத நண்பர் பக்கத்தில் ஓடிவந்து துணைகொடுப்பதே விதிமீறல். ஒலிம்பிக் தூரப் போட்டிகளிலும் இந்தக் கண்டிப்பு உண்டு. 2019 ஆகஸ்டில் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் வெள்ளோட்டப் போட்டியில் பிரிட்டனின் ஜெஸ் லியர்மந்த், ஜார்ஜியா டெய்லர்-பிரௌன் இருவரும் கைகோத்தபடி முதலிடத்தில் கோட்டைக் கடந்தார்கள். இருவரும் தகுதிநீக்கம் செய்யப்பட்டு, முதலிடம் பெர்முடாவின் ஃப்ளோரா டஃபிக்குப் போனது.

இப்படிப்பட்ட பந்தயத்துக்குக் கூட்டாகப் பயிற்சி செய்வது உதவுமா, கெடுக்குமா? சென்னையிலும் கோவையிலும் பெங்களூருவிலும் விடியற்காலையில் கூடிக் கிளம்பும் குழுக்களில் இந்தக் கேள்வி நடைமுறையில் தினமும் எழுகிறது. உளவியல், உடலியல், உச்ச வீரர்களின் அனுபவம், நம் ஊர்ச் சூழல் ஆகியவற்றை வைத்துப் பார்த்து நான் வந்திருக்கும் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேரம், இடம், பாதுகாப்பு, மனத்தெம்பு எல்லாவற்றையும் நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளலாம். வேகத்தைப் பகிர முடியாது. கூட்டுப்பயிற்சியால் வரும் கேடுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றைப் பகிர முயல்வதால் வருபவை.

உளவியலில் இந்த விஷயத்துக்கு வயது நூற்றுக்கு மேல். நார்மன் டிரிப்லெட் என்ற அமெரிக்கர் 1898இல் வெளியிட்ட ஆய்வு சைக்கிள் பந்தயப் பதிவுகளிலிருந்தே தொடங்குகிறது. கடிகாரத்தோடு தனியே போட்டியிட்டவர்களைவிட, முன்னால் வேகம் காட்ட ஆள் இருந்தவர்களும் எதிரே போட்டியாளர் இருந்தவர்களும் கணிசமாக வேகமாக ஓட்டியிருந்தார்கள். காற்றுத் தடை குறைவது ஒரு காரணம் என்பது அவருக்கும் தெரியும். அதனால் காற்றுக்கு வேலையில்லாத ஒரு சோதனையாக, சிறுவர்களை மீன்பிடி ராட்டினத்தைச் சுற்றவைத்துப் பார்த்தார். பக்கத்தில் இன்னொருவர் சுற்றும்போது பலர் வேகமாகச் சுற்றினார்கள். சிலரோ பதற்றத்தில் தடுமாறினார்கள்.

அந்தத் தடுமாற்றத்துக்கு விளக்கம் வர 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நன்றாகப் பழகிப்போன செயலைப் பிறர் முன்னிலை மேம்படுத்தும், இன்னும் கைவராத செயலை அது கெடுக்கும் என்றார் ராபர்ட் ஸயான்ஸ். பின்னர் கரப்பான்பூச்சிகளை வைத்தும் இதைச் சோதித்தார். மற்றக் கரப்பான்கள் பார்த்திருக்க, நேர்ப்பாதையில் அவை வேகமாக ஓடின. திருப்பமுள்ள பாதையில் வழக்கத்தைவிட மெதுவாகப் போயின. டிரையத்லானுக்கு இந்தக் கண்டுபிடிப்பு நேரடியாகப் பொருந்துகிறது. நம்மில் பெரும்பாலோருக்கு ஓடுவதும் சைக்கிள் மிதிப்பதும் சிறுவயதிலேயே பழகியவை. முறையான ஃப்ரீஸ்டைல் நீச்சலோ முப்பது வயதுக்கு மேல், அலுவலகம் போய்வந்த களைப்பில் கற்றுக்கொள்வது. ஓட்டத்தில் கூட்டம் உற்சாகம் தரும். மூச்சு எடுக்கும் பக்கம்கூட இன்னும் நிலைப்படாத ஒருவரை வேகமான நண்பர்கள் நீந்தும் தடத்தில் இறக்கினால் கை நீளாது, கால் தாழும், கற்ற நுட்பமும் கலைந்துபோகும். நீச்சலில் ஆரம்ப மாதங்களைப் பயிற்சியாளரோடு, முடிந்தால் தனியாகவே கழிப்பது நல்லது.

இன்னொரு பழைய கண்டுபிடிப்பு ஜெர்மனியில் ஓட்டோ கோலர் செய்தது. 1920களில் பெர்லினின் படகுச் சங்க உறுப்பினர்களை வைத்து அவர் சோதித்தார். இருவர் சேர்ந்து எடை தூக்கும்போது, ஒருவர் விட்டால் வேலையே நின்றுவிடும் என்ற நிலையில், பலம் குறைந்தவர் தனியாகச் செய்ததைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார். இருவருக்கும் உள்ள வித்தியாசம் மிதமாக இருந்தபோதுதான் பலன் அதிகம். மிகச் சமமானவர்களிடமும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உள்ளவர்களிடமும் அது குறைந்தது. 2012இல் அமெரிக்காவில் இதையே நிலைசைக்கிளில் பெண்களிடம் சோதித்தபோது, தம்மைவிடச் சற்றுத் திறமையான துணை இருப்பதாக நம்பியவர்கள் தனியாக மிதித்தவர்களைப்போல ஏறத்தாழ இரு மடங்கு நேரம் மிதித்தார்கள். துணை திரையில் ஓடிய ஒளிப்பதிவு மட்டுமே. ஆகவே துணை தேடுபவருக்கு ஏற்றவர் குழுவின் நட்சத்திரம் இல்லை, நம்மைவிடக் கொஞ்சம் மேலே இருப்பவர்.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் படகு வீரர்களிடம் ராபின் டன்பாரும் சகாக்களும் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. துடுப்பு இயந்திரத்தில் 45 நிமிடம், ஒருமுறை தனியாக, ஒருமுறை சேர்ந்து. செய்த வேலையின் அளவு ஒன்றுதான். ஆனால் சேர்ந்து செய்தபின் அவர்களுடைய வலிதாங்கும் அளவு தெளிவாக உயர்ந்திருந்தது. உடலே சுரக்கும் எண்டார்ஃபின் கூட்டியக்கத்தில் அதிகமாகிறது என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். பங்கேற்றவர்கள் 12 பேர்தான் என்பதால் இதை வைத்துக் கோட்டை கட்ட முடியாது. இருந்தாலும் நான்கு மணி நேரச் சைக்கிள் பயணத்தை நண்பர்களோடு முடித்தவர் எவரும் இந்த முடிவைக் கேட்டு வியக்க மாட்டார்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மன் கயிறு இழுக்கும் சோதனைகளில், ஆட்கள் கூடக் கூட ஒவ்வொருவரும் இழுக்கும் அளவு குறைவதைக் கண்டு 1913இல் எழுதினார். சைக்கிள் கூட்டத்தில் நடப்பது இதுதான். ஒருவர் சக்கரத்தை ஒட்டிப் பின்னால் போகும்போது காற்றுத் தடை குறைந்து மூன்றில் ஒரு பங்கு உழைப்புவரை மிச்சமாகலாம். பெரிய கூட்டத்தின் நடுவே என்றால் இன்னும் அதிகம். அயர்ன்மேனில் இந்த மிச்சம் கிடையாது. முன்னால் போகிறவரின் முன்சக்கரத்திலிருந்து நம் முன்சக்கரம்வரை 12 மீட்டர் இடைவெளி வேண்டும். அதற்குள் நுழைந்தால் 25 வினாடிக்குள் முந்திச் சென்றாக வேண்டும். தவறினால் அபராதக் கூடாரத்தில் 5 நிமிடம் நிற்க வேண்டும்.

சென்னையிலிருந்து ஈசிஆர் என்னும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிறுதோறும் நூறு நூற்றைம்பது கிலோமீட்டர் போகும் குழுக்களைப் பற்றி எனக்குள்ள கவலை இதுதான். பத்துப் பேர் ஒட்டிச் சென்று மணிக்கு 32 கிலோமீட்டர் சராசரி காட்டும் பயணத்தில், பின்வரிசைக்காரர் பந்தய நாளுக்கு வேண்டிய வேலையைச் செய்யவே இல்லை. குனிந்த நிலையில் மணிக்கணக்கில் முதுகும் கழுத்தும் தாங்குமா என்பதை அவர் சோதிக்கவில்லை. கடற்காற்று எதிரே வீசும்போது வேகம் விழுவதைச் சகித்துக்கொண்டு தன் அளவிலேயே மிதிக்கப் பழகவும் இல்லை. கடிகாரம் மட்டும் நல்ல எண்ணைக் காட்டுகிறது. போட்டி நாளில் அதே எண்ணைத் தனியாக எட்டப் பார்த்து, நூறாவது கிலோமீட்டருக்குள் தொடை இறுகி, மாரத்தான் முழுவதையும் நடந்து முடிப்பவர்களைப் பார்க்கலாம்.

அதற்காகத் தனியாகப் போ என்று சொல்ல மாட்டேன். நம் நெடுஞ்சாலையில் லாரியும் பேருந்தும் தவறான திசையில் வரும் இருசக்கர வண்டியும் நாயும் உண்டு. இரண்டு டியூப் போய்விட்டால் உதவ ஆள் வேண்டும், விழுந்தால் ஆம்புலன்ஸை அழைக்க ஆள் வேண்டும். பெண்களைப் பொறுத்தவரை, இருட்டோடு புறப்படும் பயணத்துக்குக் குழுதான் பல வீடுகளில் அனுமதிச் சீட்டாகவே இருக்கிறது. சேர்ந்தே கிளம்பலாம். ஐந்து நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராகப் புறப்பட்டு, மணிக்கு ஒருமுறை குறித்த டீக்கடையில் கூடி, எல்லோரும் வந்தபின் மறுபடியும் அதே வரிசையில் கிளம்பலாம். சாலை பொது, நேரம் பொது, காற்று அவரவருக்கு. முதல் இரண்டு வாரம் இது எல்லோருக்கும் சலிப்பாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகு யாருடைய உண்மையான திறன் என்ன என்பது அவரவருக்கே விளங்கிவிடும்.

மெதுவாகச் செய்ய வேண்டிய பயிற்சியில்தான் நட்பு மிக எளிதாகக் கேடு செய்கிறது. நார்வேயில் பணியாற்றும் அமெரிக்க உடலியலாளர் ஸ்டீஃபன் சைலர் படகு, பனிச்சறுக்கு, சைக்கிள் எனப் பல துறை உச்ச வீரர்களின் பயிற்சிப் பதிவுகளைப் பார்த்தபோது, அவர்கள் பயிற்சிகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு பேசிக்கொண்டே செய்யக்கூடிய லேசான அளவில் இருப்பதைக் கண்டார். கடினமான பயிற்சி மீதி 20 விழுக்காடுதான். பொழுதுபோக்குக்காகப் பயிற்சி செய்யும் நாமோ இரண்டுக்கும் நடுவே விழுந்து கிடக்கிறோம். ஓய்வாகவும் இல்லாமல் உருப்படியான கடினமாகவும் இல்லாமல் தினமும் ஒரே அளவு களைப்பு. காரணம் பெரும்பாலும் பக்கத்தில் ஓடுபவர். ஒருவர் அரையடி முன்னால் வைப்பார், அடுத்தவர் விட மாட்டார். ஒரு கிலோமீட்டரை ஏழு நிமிடத்தில் ஓட வேண்டியவர் ஆறில் ஓடி முடிப்பார். கைக்கடிகாரத்தின் பதிவை எல்லோரும் பார்க்கும் செயலிகள் வந்தபின், தனியாக ஓடும்போதுகூட அந்த நண்பர் கூடவே ஓடுகிறார்.

இதில் மார்க் ஆலனின் கதையை எத்தனை முறை சொன்னாலும் தகும். 1980களில் சான் டியேகோவின் வேகமான கூட்டத்தில் வளர்ந்த அவர், ஃபில் மாஃபெட்டோன் என்ற ஆலோசகரின் சொல்லைக் கேட்டு இதயத்துடிப்பு 155ஐத் தாண்டாமல் ஓடத் தொடங்கினார். அதுவரை பறந்தவர், அந்தத் துடிப்பில் கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கூட ஓடியவர்களோடு இனி ஓட முடியாது என்ற நிலையைப் பொறுத்துக்கொண்டார். ஏறக்குறைய ஒரு வருடத்தில் அதே துடிப்பில் கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 20 வினாடி என்ற வேகம் வந்தது. 1989இல் டேவ் ஸ்காட்டோடு எட்டு மணி நேரம் தோளோடு தோள் போட்டியிட்டு 58 வினாடி வித்தியாசத்தில் ஹவாயில் முதல் வெற்றி பெற்றார். அங்கே மொத்தம் 6 முறை வென்றார். கூட்டத்தின் வேகத்தை விட்டுக்கொடுக்கத் துணிந்ததுதான் அவருடைய திருப்புமுனை என்று நான் கருதுகிறேன்.

தனியாகவே உச்சத்துக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். கனடாவின் லயனல் சாண்டர்ஸ் வருடக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே நிலைசைக்கிளில் மிதித்தும் டிரெட்மில்லில் ஓடியும் 2017இல் ஹவாயின் கோனாவில் நடந்த அயர்ன்மேன் உலகப் போட்டியில் இரண்டாமிடம் வந்தார், 2022 மே மாதம் செயின்ட் ஜார்ஜில் நடந்த உலகப் போட்டியிலும் இரண்டாமிடம் பெற்றார். முடியும் என்பதற்கு அவர் சான்று. வேலையும் குடும்பமும் உள்ள ஒருவருக்கு அத்தகைய தனிமை பரிந்துரைக்கத் தக்கதா என்பது வேறு விஷயம்.

கூட்டுப்பயிற்சிக்கு ஆதரவாக இருப்பதிலேயே வலுவான சான்று நார்வேயிலிருந்து வருகிறது. கிறிஸ்டியன் புளும்மென்ஃபெல்ட், குஸ்தாவ் ஈடன், காஸ்பர் ஸ்டோர்னஸ் மூவரும் இளம் வயதிலிருந்தே ஒரே அணியில், ஸ்பெயினின் சியரா நெவாடா மலைமுகாமில் ஒன்றாகத் தங்கிப் பயிற்சி பெற்றவர்கள். 2018இல் பெர்முடாவில் நடந்த உலகத் தொடர்ப் போட்டியில் ஸ்டோர்னஸ், புளும்மென்ஃபெல்ட், ஈடன் என்று முதல் மூன்று இடங்களையும் எடுத்தார்கள். புளும்மென்ஃபெல்ட் டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார், சாண்டர்ஸ் இரண்டாமிடம் வந்த அந்தச் செயின்ட் ஜார்ஜ் போட்டியை வென்றவரும் அவரே. அதே ஆண்டு அக்டோபரில் கோனாவில் ஈடன் வென்றார். 2025 செப்டம்பரில் பிரான்ஸின் நீஸ் நகரில் நடந்த அயர்ன்மேன் உலகப் போட்டியில் ஸ்டோர்னஸ் முதலிடம், ஈடன் இரண்டாமிடம், புளும்மென்ஃபெல்ட் மூன்றாமிடம். ஒரே வீட்டில் உண்டு உறங்கிய மூவர், ஏழு வருட இடைவெளியில், குறுகிய தூரத்திலும் நெடுந்தூரத்திலும் மேடையை நிரப்பியிருக்கிறார்கள்.

இவர்களுடைய முறையில் எல்லோரும் கவனிப்பது இரத்தத்தில் லாக்டேட் அளவைப் பார்க்கும் ஊசிக்குத்தை. பயிற்சியின் நடுவே நிறுத்தி ஒரு துளி இரத்தம் எடுத்து அளவு பார்ப்பார்கள். குறித்த அளவுக்கு மேல் போனால் வேகத்தைக் குறைப்பார்கள். மூவர் ஒன்றாக ஓடினாலும் தீர்மானிப்பது அவரவர் உடலின் எண்தான். நண்பன் முன்னே போகிறான் என்பதற்காக எவரும் கூட்ட மாட்டார்கள். கூட்டுப்பயிற்சியும் தனி அளவும் ஒன்றுக்கொன்று முரண்பட வேண்டியதில்லை என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய அணி வேறில்லை. நமக்கு இரத்தச் சோதனை தேவையில்லை. முழு வாக்கியம் பேசினால் மூச்சு வாங்குகிறதா என்று பார்த்தாலே போதும்.

கடலில் மட்டும் இந்த வாதம் எதற்கும் இடமில்லை. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான்களில் நேர்ந்த 135 மரணங்களையும் திடீர் இதயநிறுத்தங்களையும் தொகுத்த ஆய்வில், அவற்றுள் 90 நீச்சலின்போது நேர்ந்தவை. பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள், அதிலும் நடுத்தர வயதினருக்கு ஆபத்து கூடுதல். படகும் உயிர்காப்பாளரும் மருத்துவரும் இருக்கும் போட்டியிலேயே இப்படி என்றால், ஆளில்லாக் கடற்கரையில் தனியாக இறங்குவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சென்னைக் கடற்கரையின் அலையும் இழுவையும் நீச்சல்குளத்தில் பழகியவரை ஏமாற்றக்கூடியவை. கரையில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் மீனவரிடம் இன்று நீரோட்டம் எப்படி என்று கேட்டுவிட்டு இறங்குவது எந்தக் கைக்கடிகாரத்தையும்விடப் பயனுள்ளது. நீந்தும்போது ஜோடியாகப் போக வேண்டும், இடுப்பில் பளிச்சென்ற நிற மிதவை வேண்டும், கரையில் ஒருவர் எண்ணிக்கொண்டு நிற்க வேண்டும். போட்டி நீச்சலில் முன்னால் போகிறவரின் பாதத்தை ஒட்டிப் போவதற்கு விதி தடை சொல்வதில்லை, அதில் உழைப்பும் மிச்சமாகிறது. கை இடிபட்டு, கண்ணாடி நழுவி, தலையைத் தூக்கித் திசை பார்த்து நீந்தும் பழக்கமும் கூட்டத்தில்தான் வரும். நுட்பத்தைத் தனியே கற்று, கடலுக்குக் கூட்டமாகப் போவதே நீச்சலுக்கு உரிய வரிசை.

தெற்காசியாவில் இந்தப் போட்டிகள் புதியவை. அயர்ன்மேனில் பாதித் தூரமான 70.3 (மைல்) போட்டி 2018இல் கொழும்பிலும் 2019இல் கோவாவிலும் வந்தது. அதன்பிறகுதான் நம் ஊர்க் குழுக்களில் பலருக்கு இது எட்டக்கூடிய ஆசையாயிற்று. முழுத் தூர அயர்ன்மேனுக்கு வெளிநாடு போக வேண்டும். சைக்கிள், விமானம், விடுதி, நுழைவுக் கட்டணம் என்று செலவு லட்சங்களில் போகும். வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பயிற்சிக்கே போய்விடும். அந்த மணிகளின் சுமை வீட்டில் மற்றவர் தோளில் இறங்குகிறது. ஞாயிறு காலை பதினொரு மணிக்கு வீடு திரும்பி மாலைவரை தூங்குபவரின் பதக்கத்தில் அவர் மனைவிக்கோ கணவருக்கோ பங்கு உண்டு. குழு இந்த விஷயத்தில் நல்லது செய்ய முடியும். குடும்பங்கள் ஒன்றையொன்று அறிந்திருக்கும் குழுவில், குழந்தையின் தேர்வு வாரத்தில் நீண்ட பயணத்தைத் தள்ளிப்போடுவது எளிது. பயிற்சி ஒன்று மட்டுமே பேச்சாக இருக்கும் குழுவில் வராதவருக்குக் குற்றவுணர்ச்சிதான் மிஞ்சும்.

காயம்பட்டவரைக் குழு எப்படி நடத்துகிறது என்பதையும் பார்க்க வேண்டும். முழங்கால் வலிக்கிறது என்று சொல்லத் தயங்கி, நண்பர்கள் முன் நொண்டியபடி ஓடி, மூன்று வாரத்தில் ஆறியிருக்க வேண்டிய காயத்தை ஆறு மாதத்துக்கு இழுத்துவிட்டவர்கள் எல்லாக் குழுவிலும் உண்டு. தாமே தம்மை அடக்க முடியாத ஒருவரை இன்று நீ வீட்டுக்குப் போ என்று சொல்லக்கூடிய நண்பர் இருந்தால் அவர் பல மாதப் பயிற்சிக்குச் சமம்.

இந்த ஆண்டு ஒரு குழுவில் சேர நினைப்பவர்கள் முதல் நாளில் குழுவினரின் வேகத்தைக் கேட்க வேண்டாம். கடைசியாக வருபவருக்காக யார் காத்திருக்கிறார்கள், லேசான ஓட்டத்தில் பின்தங்குபவரை எப்படிப் பேசுகிறார்கள், கடலில் இறங்குமுன் தலை எண்ணுகிறார்களா என்று பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தால் சேருங்கள். எந்தக் குழுவும் கிடைக்காவிட்டால் ஓட்டத்தைத் தனியே ஓடலாம், சைக்கிளை வீட்டுக்குள் மிதிக்கலாம். கடலுக்கு மட்டும் தனியே போகாதீர்கள்.